தேநீர்ச்சாலை எழுதுவினைஞரும் கணினியும்

கணினிக்குச் செய்நிரல் எழுதுதல் கணிதமும் பொறியியலும் முறையாகக் கற்றவர்க்கே உரிய தொழில் என்றும், மொழியோ வரலாறோ வணிகமோ பயின்றவர் அதனுட் புகுதல் புறவாயில் வழியாகப் புகுதலை ஒக்கும் என்றும் கருதுவோர் பலர். இக்கருத்து இற்றை நாளிற் பரவலாக வழங்குவதாயினும், அத்தொழில் பிறந்த காலத்து வரலாறு இதற்குச் சான்று தருவதாக இல்லை. யாதேனும் ஒரு தொழில் புதிதாகத் தோன்றும்போது அதனைக் கற்றோர் என ஒருவரும் உளராதல் இயலாது. வேறு தொழில் செய்தோரே அதனை முதற்கண் மேற்கொள்வர். மென்பொருட் பொறியியல் என்னும் பெயர்தானும் 1968ஆம் ஆண்டிலே ஜேர்மனியிலுள்ள கார்மிஷ் என்னும் ஊரில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே வழக்கில் நிலைபெற்றது. அப்பெயர் நிலைபெறுவதற்குப் பதினேழு ஆண்டுகளின் முன்னரே, தேயிலையும் பாணும் கேக்கும் விற்ற இலண்டன் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில், கணக்குப் புத்தகத்தின் முன் இருந்தோர் சிலர் எழுந்து சென்று கணினியின் முன் அமர்ந்தனர். அவர் எவ்வாறு அங்குச் சென்றனர், எதனைக் கொண்டு சென்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அதற்கு முன்னர் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். முதற் செய்நிரலாளர் கணித வல்லுநர் அல்லரோ என ஒருவர் வினவலாம். ஓரளவுக்கு அஃது உண்மையே. ஐக்கிய அமெரிக்காவிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டு 1946ஆம் ஆண்டிலே வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறியை இயக்கும் முறையை வகுத்தோர் ஆறு பெண்கள். அவருட் பலர் கணிதம் பயின்றவர். ஆயினும் அவ்வறுவருள்ளும் பெரும்புகழ் பெற்றவரான பெற்றி ஹொல்பேர்ட்டன் பல்கலைக்கழகத்திற் பயின்றது பத்திரிகைத்துறை என்பது நினைவில் இருத்தத்தக்கது. அஃது எவ்வாறாயினும், எனியாக்கும் அதன் பின்வந்த பொறிகளும் செய்தவை அறிவியற் கணிப்புகள். பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கணித்தல் போன்றவை. கணிதவியலாளரின் வினாவுக்குக் கணிதவியலாளரே செய்நிரல் எழுதினர். ஒரு வணிக நிறுவனத்தின் அன்றாடக் கணக்கைப் பொறியிடம் ஒப்படைத்தல் முற்றிலும் வேறான காரியம். அதற்குக் கணிதத்தைக் காட்டிலும் வேறொன்று வேண்டியிருந்தது.

ஜே. லியோன்ஸ் நிறுவனம் 1887ஆம் ஆண்டில் உணவு வழங்கும் தொழிலைத் தொடங்கியது. 1894ஆம் ஆண்டில் இலண்டன் பிக்கடிலி வீதியில் அதன் முதலாவது தேநீர்ச்சாலை திறக்கப்பட்டது. பொன்னும் வெள்ளையுமான முகப்பினையுடைய அச்சாலைகள் பின்னர் நகரெங்கும் பெருகின. நடுத்தர வகுப்பினரும் அலுவலகப் பெண்களும் அச்சமின்றிச் சென்று குறைந்த விலையிலே தேநீர் அருந்தக்கூடிய இடங்களாக அவை விளங்கின. ஹாமர்சிமித் பகுதியிலுள்ள கட்பி ஹால் என்னுமிடத்திற் பெரும் வெதுப்பகங்களும் தலைமை அலுவலகமும் அமைந்தன. பாண், கேக், ஐஸ்கிறீம், பொதி செய்த தேயிலை என நிறுவனத்தின் வாணிபம் விரிந்து, பணியாளர் தொகை ஏறக்குறைய 30,000 வரை உயர்ந்தது. இலங்கையிலும் அசாமிலும் விளைந்த தேயிலை இலண்டன் மின்சிங் லேனில் ஏலத்தில் விற்கப்பட்ட காலம் அது. நம் மலைநாட்டுத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தோரின் உழைப்பும் அவ்வாணிபத்தின் அடியிலே கிடந்தது என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று.

இத்தகைய வாணிபத்துக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு கோப்பைத் தேநீரிற் கிடைக்கும் இலாபம் ஒரு பென்சின் சிறு கூறே. விற்பனையோ எண்ணிலடங்காத சிறு சிறு கொடுக்கல் வாங்கல்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத வேண்டும்; எழுதும் செலவு கிடைக்கும் இலாபத்தை விழுங்கிவிடலாகாது. இவ்விடர்ப்பாட்டினை உணர்ந்த நிறுவனத்தார் 1923ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித வகுப்பில் முதன்மையாகத் தேறிய ஜோன் சிமன்ஸ் என்னும் இளைஞரை அலுவலக வேலைக்கு எடுத்தனர். பாண் சுடும் நிறுவனத்திற் கணித விற்பன்னனுக்கு என்ன வேலை எனப் பலர் நகைத்திருப்பர். சிமன்ஸ் அங்கேயே தம் வாழ்நாளைக் கழித்தார். ஒரு படிவம் எதற்காக நிரப்பப்படுகின்றது, அதனை யார் படிக்கின்றார், படித்து என்ன முடிவு செய்கின்றார் என்னும் வினாக்களை விடாது எழுப்பி, வேண்டாத எழுத்து வேலையை ஒழிப்பதையே தம் கடனாகக் கொண்டார். அவர் மேற்பார்வையில் 1930களின் தொடக்கத்தில் ‘அலுவல்முறை ஆய்வுப் பிரிவு’ ஒன்று தோன்றிற்று. பிற நிறுவனங்களிற் காண்டற்கரிய ஏற்பாடு அது. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் இடப்பட்டது. கணினி வந்தமையால் அலுவல் ஆராயப்பட்டதன்று, அலுவல் ஆராயப்பட்டமையாலேயே கணினி வந்தது.

1947ஆம் ஆண்டில் றேமண்ட் தொம்சன், ஒலிவர் ஸ்ராண்டிங்போர்ட் என்னும் இரு முகாமையாளர் அமெரிக்க அலுவலகங்களிற் கையாளப்படும் புது முறைகளை அறிந்துவர அனுப்பப்பட்டனர். அலுவலகங்களில் அவர் கண்டவை பெரிதாக ஒன்றுமில்லை. ஆயின், போர்க்காலத்திலே தோன்றிய இலத்திரனியற் கணிப்புப் பொறியைப் பற்றிக் கேள்வியுற்று, பிரின்ஸ்ரனில் ஹேமன் கோல்ட்ஸ்ரைனைச் சந்தித்தனர். அலுவலகக் கணக்குக்கு அப்பொறியைப் பயன்படுத்தலாமோ என்னும் அவர்தம் வினா அவருக்கும் புதிதாகவே இருந்தது. இங்கிலாந்திலேயே, கேம்பிரிட்ஜில், மோரிஸ் வில்க்ஸ் என்பவர் அத்தகைய பொறி ஒன்றை அமைக்க முயல்கின்றார் என்னும் செய்தியை அவர் கூறினார். வீட்டின் அயலிலே இருந்த பொருளை அறிய அத்திலாந்திக் கடலைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. ஊர் திரும்பியோர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றனர். லியோன்ஸ் நிறுவனம் அப்பணிக்கு 3,000 பவுண் நன்கொடையும், மின்னியலிற் பழக்கமுள்ள தன் ஊழியர் ஒருவரின் உதவியும் வழங்கிற்று. 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி கேம்பிரிட்ஜின் எட்சாக் பொறி தன் முதற் கணிப்பைச் செய்து முடித்தது. அதனைக் கண்ட லியோன்ஸ் நிறுவனத்தார் அதன் மாதிரியிலே தமக்கென ஒரு பொறியைத் தாமே அமைக்கத் துணிந்தனர். ‘லியோன்ஸ் இலத்திரனியல் அலுவலகம்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘லியோ’ எனப் பெயரிட்டனர்.

பொறியை அமைத்தல் ஒன்று, அதற்குச் செய்நிரல் எழுதுதல் பிறிதொன்று. பொறியை அமைக்க வந்தவர் துறை கற்றவர். ஜோன் பிங்கேட்டன் என்னும் அப்பொறியியலாளர் போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டுப் பின் கேம்பிரிட்ஜிற் பௌதிகம் ஆய்ந்தவர். விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றில் வெளியான விளம்பரத்தைக் கண்டு 1949ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சேர்ந்தார். ஏறத்தாழ 6,000 வால்வுகளும், பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலியலைகளாகச் சுழலும் நினைவகமும் கொண்ட பொறி அவர் கையில் உருவாயிற்று. அதன் நினைவகம் 2,048 சொல்லிடங்களை உடையது. ஒவ்வொன்றும் பதினேழு இருமவிலக்கம் கொள்ளும். இம்மலரின் ஒரு பக்கத்து எழுத்துகளைத்தானும் இன்றைய முறைப்படி அதனுள் முழுமையாக அடக்குதல் அரிது. அத்துணைச் சிறிய இடத்துக்குள் ஒரு பெரு நிறுவனத்தின் கணக்கை எவ்வாறு நடத்துவது என்பதே செய்நிரலாளர் முன் நின்ற வினா.

அவ்வினாவை எதிர்கொள்ளப் புறத்தேயிருந்து ஆள் எடுக்க இயலவில்லை. எடுப்பதற்கு ஆள் இல்லை. ஆகவே நிறுவனம் தன் வீட்டுக்குள்ளேயே தேடிற்று. தலைமை ஏற்றவர் டேவிட் கமினர். 1915ஆம் ஆண்டிற் பிறந்து, 1936ஆம் ஆண்டிலே முகாமைப் பயிலுநராக லியோன்ஸிற் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். இரண்டாம் உலகப் போரிலே போர்வீரராகச் சென்று, 1943ஆம் ஆண்டிற் றுனீசியாவின் மாரெத் போர்முனையில் ஒரு காலை இழந்து மீண்டார். அலுவல்முறை ஆய்வுப் பிரிவை நடத்திவந்த அவரிடமே லியோவின் செய்நிரற் பணியும் வந்தடைந்தது. அவருடன் டெரெக் ஹெமி, ஜோன் குறோவர், லியோ பான்ரில் என்போர் சேர்ந்தனர். ஹெமியும் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்தவர். பான்ரில் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து அகதியாக வந்தவர். இவருள் ஒருவரேனும் செய்நிரலாளராக வேண்டும் என எண்ணி வளர்ந்தவர் அல்லர், எண்ணியிருத்தல் இயலாது. அச்சொல்லே அக்காலத்தில் இல்லை.

1951ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் லியோ வாராவாரம் ஒழுங்காகச் செய்யத் தொடங்கிய முதலாவது அலுவல், வெதுப்பகப் பொருட்களின் கிரயக் கணக்கு. எத்தனை பாண், எத்தனை கேக், எத்தனை பை சுடப்பட்டன, அவற்றிற்கான மூலப்பொருளும் கூலியும் எவ்வளவு, எங்கெங்கு அனுப்பப்பட்டன என்பதே அது. உலகில் ஒரு வணிக அலுவலை ஒழுங்காக நடத்திய முதற் கணினி இதுவே என வரலாற்றாசிரியர் கொள்வர். இதிற் பெருங் கணிதம் யாதும் இல்லை, பெருக்கலும் கூட்டலுமே. ஆயினும் இடர் வேறிடத்தில் இருந்தது. பிரித்தானிய நாணயத்தில் பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண். பொறியோ இரண்டையே அடியாகக் கொண்டு எண்ணுவது. பவுண், சிலிங், பென்ஸ் என உள்ளே சென்று, இருமவிலக்கங்களாக மாறி, மீண்டும் பவுண், சிலிங், பென்ஸாகவே வெளிவருதல் வேண்டும். வழியில் ஒரு பென்ஸும் தொலைதல் ஆகாது. விஞ்ஞானி ஒருவனுக்கு விடையிற் சிறிது வழு இருப்பினும் பெருந்தீங்கு இல்லை. எழுதுவினைஞனுக்கோ ஈற்றுத் தொகை ஒத்து வராவிடின் அன்றிரவு உறக்கம் இல்லை. இவ்வேறுபாட்டினை உணர்ந்தவர் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவரே.

ஆதலின் லியோவின் செய்நிரல்களில் அலுவலகத்தின் பழக்கங்கள் பல குடியேறின. தொகைக்குத் தொகை ஒப்புநோக்கும் கட்டுப்பாட்டுத் தொகைகள் இடையிடையே வைக்கப்பட்டன. வால்வு பழுதுபட்டுப் பொறி நின்றுபோனால், தொடக்கத்திலிருந்து அன்றி, நின்ற இடத்துக்கு அண்மையிலிருந்தே மீளத் தொடங்குவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. வேலையின் ஒழுக்கு முதலில் வரைபடமாகத் தீட்டப்பட்டது. பின்னரே கட்டளைகள் தாளில் எழுதப்பட்டன. ஒருவர் எழுதிய செய்நிரலை மற்றொருவர் வரிவரியாகப் பரிசோதித்த பின்னன்றி அது பொறிக்குச் செல்லாது. பேரேட்டில் ஒருவர் எழுத மற்றவர் சரிபார்த்து அடையாளமிடும் பழைய வழக்கத்தின் மறுவடிவமே இது. கமினர் இவ்விடயத்திற் கடுமையானவர். அவரிடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுசென்று குறையின்றி மீண்டவர் சிலரே போலும். இன்று மென்பொருள் நிறுவனங்கள் ‘நிரல் மீளாய்வு’ எனப் பெருமையோடு கூறும் முறை, கட்பி ஹாலில் எழுதுவினைஞரின் இயல்பான எச்சரிக்கையாகவே பிறந்தது எனலாம்.

வேலை பெருகவே ஆட்களும் பெருக வேண்டியவராயினர். அவரைத் தெரிவு செய்தற்கு நிறுவனம் கையாண்ட வழி கவனித்தற்குரியது. பட்டத்தையோ கற்ற பாடத்தையோ அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. தன் அலுவலகங்களிற் பணிபுரிந்தோரை விண்ணப்பிக்கச் செய்து, ஏறக்குறைய ஒரு வார காலம் ‘கணினி அறிமுக வகுப்பு’ ஒன்றை நடத்திற்று. பகலில் விரிவுரை, மாலையில் வீட்டுக்கு எடுத்துச்சென்று செய்துவர வேண்டிய பயிற்சிகள். முன்பின் அறியாத ஒரு கட்டளைத் தொகுதியை இரண்டொரு நாளிற் பற்றிக்கொண்டு அதனாற் சிறு வினாக்களைத் தீர்க்க வல்லவர் யார் என்பதே தேடப்பட்டது. தேறியவர் சிலர், தேறாதவரே பலர். பட்டதாரிகளும் தவறினர். இவ்வழி எல்லோர்க்கும் திறந்திருந்தது எனக் கூறுதல் மிகை. கதவு திறந்திருந்தது, வாயிலோ ஒடுங்கியது.

அவ்வாயிலினூடு சென்றவருள் ஒருவர் மேரி பிளட். மணமான பின் மேரி கூம்ஸ் என வழங்கப்பட்டவர் இவரே. 1929ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் குயின் மேரிக் கல்லூரியிலே பிரெஞ்சு மொழியைச் சிறப்புப் பாடமாகவும் வரலாற்றைத் துணைப் பாடமாகவும் பயின்று பட்டம் பெற்றார். சுவிற்சர்லாந்திலே சில காலம் கழித்து மீண்ட பின், 1952ஆம் ஆண்டில் லியோன்ஸ் நிறுவனத்தின் ஐஸ்கிறீம் விற்பனைப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். அவர் தந்தையார் அந்நிறுவனத்தின் மருத்துவர்; அவ்வழியே அறிமுகம் கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் எண்களைக் கூட்டும் அவ்வேலை அவருக்குச் சலிப்பைத் தந்தது. அறிமுக வகுப்பைப் பற்றிய அறிவித்தலைக் கண்டு விண்ணப்பித்தார். அவ்வகுப்பிலிருந்து தெரிவு செய்யப்பட்ட மிகச் சிலருள் அவரும் ஒருவரானார். ஜோன் குறோவர் அவருக்குச் செய்நிரல் எழுதக் கற்பித்தார். வணிகக் கணினிக்குச் செய்நிரல் எழுதிய முதற் பெண் என வரலாறு அவரைக் குறிக்கின்றது.

பிராங் லாண்ட் என்பவரின் கதையும் இதனோடு ஒத்தது. 1928ஆம் ஆண்டிற் பேர்லின் நகரிற் பிறந்த யூதக் குடும்பத்தவர். 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வந்தடைந்தார். இலண்டன் பொருளியற் கல்லூரியிற் பொருளியல் பயின்று, 1952ஆம் ஆண்டில் லியோன்ஸில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, அங்கிருந்து லியோவை அடைந்தார். சில ஆண்டுகளின் பின் வந்த ஜோன் ஏரிஸ் என்பவரோ ஒக்ஸ்போர்டிற் பயின்றது கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை. பிரெஞ்சும் பொருளியலும் இலத்தீனும் ஓரறையில் அமர்ந்து பொறிக்குக் கட்டளை எழுதிய காட்சி, பாடங்களைப் பிரிவு பிரிவாக வகுத்து மாணவரையும் அவ்வாறே வகுத்துவிடும் கல்வியாளரின் சிந்தனைக்கு உரியது.

மொழி கற்றோர் இதில் எவ்வாறு விளங்கினர்? மொழியறிவு நேரடியாகச் செய்நிரலுக்கு உதவிற்று எனச் சிலர் கூறுவதுண்டு. கட்டளைக்கும் இலக்கணம் உண்டு, ஆதலின் இலக்கணம் கற்றவன் அதனை எளிதிற் கற்பான் என்பது அவர் வாதம். இவ்வாதம் அழகியது, ஆயின் போதியதன்று. இலக்கணம் கற்ற பலர் அவ்வகுப்பிற் கலந்துகொண்டு தவறியிருத்தல் கூடும். மேரி கூம்ஸிடம் விளங்கிய பண்பு வேறு. ஒரு வேலையை அதன் மிகச் சிறிய படிகளாகப் பகுத்து, ஒரு படியையும் ‘எல்லோர்க்கும் தெரிந்ததுதானே’ எனத் தாண்டாமல் எழுதும் பொறுமை அது. பொறிக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. பிறர் எழுதிய செய்நிரலிலுள்ள பிழையைக் கண்டுபிடிப்பதிலும் அவர் தேர்ந்தவராயிருந்தார். இப்பண்பை எந்தப் பாடமும் தனக்கே உரியது எனச் சொந்தம் கொண்டாடுதல் இயலாது.

எழுதுவினைஞரின் அனுபவம் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதற்குத் தேநீர்ச்சாலைகளின் கட்டளைக் கணக்கே சிறந்த சான்று. நூற்றுக்கு மேற்பட்ட சாலைகள் ஒவ்வொன்றும் நாடோறும் தனக்கு வேண்டிய பண்டங்களைக் கட்பி ஹாலுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாலையின் முழுப் பட்டியலையும் நாடோறும் பொறிக்கு ஊட்டுவதாயின், ஊட்டும் வேலையே பகல் முழுவதையும் உண்டுவிடும். ஆனாற் சாலைகளின் வழக்கத்தை அறிந்தோர் ஒன்றைக் கவனித்தனர்: செவ்வாய்க்கிழமையின் தேவை பெரும்பாலும் சென்ற செவ்வாய்க்கிழமையின் தேவையே. ஆகவே நிலையான கட்டளை ஒன்று ஒவ்வொரு சாலைக்கும் பொறியில் வைக்கப்பட்டது. சாலைப் பொறுப்பாளராகிய பெண், மாற்றம் உளதாயின் மாத்திரம் தொலைபேசியிற் கூறுவார். காதிலே கேட்பியை மாட்டியிருந்த பெண்கள் அதனைக் கேட்கும்போதே அட்டையிலே துளையிடுவர். அவ்வட்டைகளைப் பொறி ஏற்று, எச்சாலைக்கு எத்தனை கேக் ஏற்ற வேண்டும் என்னும் பட்டியலை அச்சிட்டுத் தரும். 1954ஆம் ஆண்டில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. மாறாததை விடுத்து மாறியதை மட்டும் அறிவிக்கும் இவ்வுபாயம் தேநீர்ச்சாலையின் மழை நாளையும் வெயில் நாளையும் அறிந்தோரின் அறிவிலே தோன்றியது; எந்தக் கணித நூலிலும் அக்காலத்தில் இதனைத் தேடிப் பெற்றிருத்தல் இயலாது.

சம்பளக் கணக்கு இதனினும் சிக்கலானது. 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லியோ அதனை ஒழுங்காகச் செய்யலாயிற்று. மணிக்கூலி, மேலதிக நேரம், வருமான வரி, காப்புறுதிக் கழிவு, நோய்விடுப்பு என ஒவ்வொரு பணியாளர்க்கும் வெவ்வேறு கணக்கு. வாரத்தின் நடுவே ஒருவர் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டால் என் செய்வது? கழிவுகள் கூலியை மிஞ்சிவிட்டால் என் செய்வது? இத்தகைய வினாக்களைச் சம்பள எழுதுவினைஞர் தம் அனுபவத்தால் எழுதாச் சட்டங்களைக் கொண்டு தீர்த்துவந்தனர். அவ்வெழுதாச் சட்டங்களை எழுதச் செய்தலே செய்நிரலாளரின் முதல் வேலை. மேரி கூம்ஸ் பங்குகொண்ட பணிகளுள் இதுவும் ஒன்று. பின்னர் டகனாமிலுள்ள போர்ட் மோட்டார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கையும் லியோ ஏற்று நடத்திற்று.

இவ்விடத்தில் வரலாறு ஒருபக்கம் சாய்தல் கூடாது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் ஒரு பணியாளரின் சம்பளத்தைக் கணிக்க ஏறக்குறைய எட்டு நிமிடம் எடுத்தார்; லியோ எடுத்தது ஒன்றரை வினாடி. அஃதாவது 320 மடங்கு விரைவு. எழுதுவினைஞர் சிலர் செய்நிரலாளராக உயர்ந்தனர் எனக் கூறி மகிழும்போது, அவர் எழுதிய செய்நிரல் தம்முடன் அருகருகே இருந்து கணக்கெழுதிய பலரின் வேலையையே உட்கொண்டது என்பதையும் கூறுதல் வேண்டும். எழுந்து சென்றவர் சிலர். அவர் எழுதிய கட்டளையால் நாற்காலி வறிதானவர் பலர். சிமன்ஸ் இதனை வேறு கண்கொண்டு நோக்கினார். மனிதரை இயந்திர வேலையினின்று விடுவிப்பதே தம் நோக்கம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை மனமறிந்தே கூறப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விடுவிக்கப்பட்டோர் அனைவரும் வேறு நல்ல வேலைக்குச் சென்றனர் என எண்ணுதற்கு அறிமுக வகுப்பின் ஒடுங்கிய வாயில் இடந்தரவில்லை.

தேயிலைக் கலவையையும் பொறி ஏற்றுக்கொண்டது. ஏலத்தில் வாங்கிய தேயிலை வெவ்வேறு தோட்டம், வெவ்வேறு பருவம், வெவ்வேறு விலை; பெட்டிகள் பண்டகசாலைகளிற் கிடக்கும். சுவை தேர்வோர் தம் நாவினால் தரம் கண்டு கலவையை வகுப்பர். எந்தப் பெட்டியில் எவ்வளவு எஞ்சியுள்ளது, கலவைக்கு எவ்வளவு எடுக்கப்பட்டது, அதன் விலை என்ன என்னும் கணக்கை லியோ பார்த்தது. நாவின் வேலையை அது கேட்கவில்லை. எதனை மனிதனிடம் விடுவது, எதனைப் பொறியிடம் கொடுப்பது என்னும் எல்லையை வகுத்தவரும் அவ்வலுவலை அறிந்தவரே.

லியோவின் பெருமை நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1954ஆம் ஆண்டில் ‘லியோ கம்பியூற்றேர்ஸ்’ என்னும் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பொறிகள் உருவாக்கப்பட்டுப் பிறர்க்கும் விற்கப்பட்டன. ஆயினும் பாண் சுடுவோரிடம் கணினி வாங்குவதா எனத் தயங்கியோரும் இருந்தனர். அமெரிக்க நிறுவனங்களின் முதலோடு போட்டியிடுதல் அதனிலும் கடினமாயிற்று. 1963ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இங்கிலீஷ் இலெக்றிக் நிறுவனத்தோடு சேர்ந்தது. பின்னர் 1968ஆம் ஆண்டில் ஐ.சி.எல். என்னும் பெருநிறுவனத்துள் அடங்கிற்று. தாய் நிறுவனமாகிய லியோன்ஸும் 1978ஆம் ஆண்டில் மதுபான உற்பத்தி நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிற்று. இதற்கிடையே தொழிலின் வாயிலும் உருமாறிக்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953ஆம் ஆண்டிலேயே கணிப்பியலில் ஒரு தகைமைப் படிப்பைத் தொடங்கியிருந்தது. பிற பல்கலைக்கழகங்களும் நாளடைவிற் கணினி விஞ்ஞானத்திற் பட்டம் வழங்கலாயின. ஒரு வார வகுப்பைத் தேறியவன் என்பதைவிடப் பட்டம் பெற்றவன் என்பதே தகுதியாயிற்று. அதனால் தொழிலுக்குக் கிடைத்த நன்மை பெரிது. இழந்தது எவ்வளவு என்பதை அளந்தார் இலர்.

லியோவிற் பயின்றோர் பல திசைகளிற் சென்றனர். கமினர் ஐரோப்பியச் சமூகத்தின் கணினி வலையமைப்பைத் திட்டமிடும் பணியில் ஈடுபட்டு 1980ஆம் ஆண்டில் அரச விருது பெற்றார். 2008ஆம் ஆண்டிற் காலமானார். பிராங் லாண்ட் 1967ஆம் ஆண்டிலே தாம் பயின்ற இலண்டன் பொருளியற் கல்லூரிக்கு மீண்டு, அலுவல்முறைகளைக் கணினிக்கேற்ப ஆராய்ந்து வகுக்கும் கலையை மாணவர்க்குப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். பின்னர் அத்துறையிற் பேராசிரியரானார். எழுதுவினைஞனாக ஐந்தொகை கூட்டிய காலத்து அனுபவம் பல்கலைக்கழகப் பாடமாயிற்று. மேரி கூம்ஸ் மக்களைப் பெற்று வளர்க்கும் பொருட்டு 1960களின் நடுவில் முழுநேர வேலையை விடுத்து, சில காலம் பகுதிநேரமாகக் கையேடுகளைத் திருத்தினார். வலுவிழந்தோர் விடுதி ஒன்றில் வாழ்ந்தோர்க்குச் செய்நிரல் எழுதவும் கற்பித்தார். பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆரம்ப பாடசாலையிற் சிறுவர்க்குப் பாடஞ் சொன்னார். தம் ஆசிரியை உலகின் முதல் வணிகக் கணினியை இயக்கியவர் என்பதை அச்சிறுவருள் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ! 2022ஆம் ஆண்டிலே தமது 93ஆவது வயதில் அவர் மறைந்தார்.